மழை ஜாக்கெட் தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்துவிட்டது, இனி தேறுமா?

நாற்பதாவது வளைவு (கோவை)

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

6 வருடத்துக்கு முன்னால் வாங்கிய மழை ஜாக்கெட் ஒன்று வைத்திருக்கிறேன். மூன்று அடுக்குத் துணி, நடுவில் சவ்வு, தையலுக்கெல்லாம் உள்பக்கம் டேப். அப்போது பாதி மாதச் சம்பளம் அதற்கே போனது, இன்றைக்கும் வீட்டில் சொல்லிக்காட்டுவார்கள். முதல் இரண்டு மழைக்காலம் அருமையாக இருந்தது. மேலே விழுந்த தண்ணீர் சேப்ப இலையில் உருளுவது போல உருண்டு ஓடும், ஒரு உதறு உதறினால் போதும். போன ஜூலையில் ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு பைக்கில் ஏறினோம். 40 கொண்டை ஊசி வளைவில் பாதிகூடத் தாண்டவில்லை, தோளும் முன்கையும் கருத்து ஊறிப்போய் உடம்போடு ஒட்டிக்கொண்டது. மேலே போய்ச் சேர்ந்தபோது உள்ளே போட்டிருந்த டீ-ஷர்ட் பிழியலாம் போல ஈரம்.

வாங்கிய ஊரில் ஒரு கடையில் காட்டினேன், "சவ்வு போச்சு சார், புதுசு எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார்கள். புதிது வாங்க இப்போது வசதியில்லை. ஆகஸ்டில் உத்தரகண்டில் பூக்களின் பள்ளத்தாக்கு போகிறோம், அங்கே அந்த மாதம் மழை விடாது என்கிறார்கள்.

ஜாக்கெட்டை இதுவரை நாலைந்து தடவை மெஷினில் போட்டிருக்கிறேன், சாதாரண சோப்புத்தூள், கடைசித் தண்ணீரில் மணத்துக்கு ஊற்றும் அந்தத் திரவமும் சேர்த்து. யூடியூபில் ஒருவர் மெழுகுவத்தியைத் தேய்த்து இஸ்திரி போடச் சொல்கிறார், இன்னொருவர் சிலிகான் ஸ்ப்ரே அடிக்கச் சொல்கிறார், நண்பன் படிகாரத் தண்ணீரில் முக்கு என்கிறான். எதை நம்புவது?

கூடவே இரண்டு உப கேள்விகள். தோல் ட்ரெக்கிங் ஷூ இருக்கிறது, அம்மா அக்கறையாகத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்துவிட்டார். கூடாரத்தின் மேல்துணியைப் பரணிலிருந்து எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, வாடை வேறு. இவற்றையும் காப்பாற்ற முடியுமா?

உதகைக் குளிர்

சவ்வு போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ஜாக்கெட் ஒழுகவே இல்லை, அழுக்காகியிருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

மழையைத் தடுக்கும் வேலையை அதில் இரண்டு பேர் பார்க்கிறார்கள். உள்ளே இருக்கும் சவ்வு ஒன்று. அதன் துளைகள் நீராவி வெளியே போகிற அளவுக்குப் பெரியவை, தண்ணீர்த்துளி உள்ளே வர முடியாத அளவுக்குச் சின்னவை. கோர்-டெக்ஸ் என்ற பெயரில் 1970களில் இது கடைக்கு வந்தது, 1969-ல் பாப் கோர் டெஃப்லானைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்துப் பார்த்ததில் கிடைத்த சரக்கு. இரண்டாவது ஆள் வெளித்துணியின் மேல் இருக்கும் விரட்டுப்பூச்சு, டி.டபிள்யூ.ஆர். என்பார்கள். தண்ணீரை முத்தாக்கி உருட்டி விடுவது இந்தப் பூச்சுதான், சவ்வு அல்ல. தேய்ந்து போகிற ஆளும் இதுதான்.

பூச்சு வேலை செய்யாவிட்டால் வெளித்துணி ஊறும். அப்போதும் சவ்வைத் தாண்டி மழை வராது. அப்புறம் டீ-ஷர்ட் எப்படி நனைந்தது? அது பெரும்பாலும் உங்கள் வியர்வை. ஈரக்கோணியை மேலே போர்த்தியது போல ஆகிவிடுவதால் ஆவிக்குப் போக வழியில்லை, குளிர்ந்த துணியின் உள்பக்கம் பட்டு அங்கேயே தண்ணீராகிவிடுகிறது. நிறையப் பேர் இதைத்தான் ஒழுகல் என்று நினைத்து நல்ல ஜாக்கெட்டைத் தூக்கிப் போடுகிறார்கள்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. ஜாக்கெட்டின் முதுகுப் பகுதியைக் கிண்ணம் போலக் குழித்து, அடியில் செய்தித்தாள் வைத்து, வெளிப்பக்கமாக ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி 15 நிமிடம் விடுங்கள். தோள் தையலிலும் இதே மாதிரி. தாள் நனையாவிட்டால் சவ்வு உயிரோடு இருக்கிறது. நனைந்தால் எந்த இடத்தில் என்று பாருங்கள், டேப் உரிந்த தையல் என்றால் ஒட்டலாம். உள்பக்கம் தோல் உரிவது போலச் செதில் செதிலாக வந்தால் மட்டும் கதை முடிந்தது.

சவ்வு நன்றாக இருந்தால் முதல் வேலை துவைப்பது. ஸ்ப்ரே அடிப்பது அல்ல. இதைத்தான் எல்லாரும் தலைகீழாகச் செய்கிறார்கள், அழுக்கின் மேலேயே பூச்சு அடித்துவிட்டுப் புட்டியைத் திட்டுவார்கள். சாதாரணச் சோப்புத்தூளின் வேலையே தண்ணீரைத் துணிக்குள் இறக்குவது. அது சரியாக அலசப்படாமல் இழையில் தங்கினால் ஜாக்கெட்டிலும் அதையே செய்யும். நீங்கள் ஊற்றிய மணத் திரவம் அதைவிட மோசம், அது துணி மேல் தங்குவதற்கென்றே செய்தது.

சோப்பு தங்காத வகைக் கழுவுநீர்மம் தனியாக விற்கிறார்கள், நிக்வாக்ஸ் டெக் வாஷ், கிரேஞ்சர்ஸ் என்று. ஆன்லைனில் கிடைக்கும். மெஷினில் போடுவதாக இருந்தால் சோப்பு போடும் அந்த இழுப்பறையைக் கழற்றித் தேய்த்துக் கழுவுங்கள், அதில் பழைய தூள் பாறையாக இருக்கும். மேலே திறக்கும் மெஷினாக இருந்தால் நான் கையால் துவைப்பதையே சொல்வேன். வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், ஜிப் எல்லாம் மூடி, கழுத்துப்பட்டை, மணிக்கட்டு, பையின் பட்டை உரசும் தோள், இந்த மூன்று இடத்தையும் மெல்லிய ஸ்பாஞ்சால். முறுக்கிப் பிழிய வேண்டாம். அப்புறம் அலசல், அலசல், அலசல். நுரை நின்ற பிறகும் இரண்டு தடவை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், கோவையில் இருக்கிறீர்கள், சிறுவாணிக் குழாய்த் தண்ணீர் வருகிற நாளாகப் பார்த்துத் துவையுங்கள்.

துவைத்ததும் பாதி நோய் தீர்ந்துவிடும். மீதிப் பாதி சூடு. அதைப் பற்றி எனக்கு முன்னால் பேர்கன்காரர் வந்து எழுதுவார் பாருங்கள்.

நாற்பதாவது வளைவு

அண்ணா, சோதனை செய்தேன். 20 நிமிடம் வைத்தும் தாள் காய்ந்தே இருக்கிறது! வெளித்துணி மட்டும் ஊறிக் கருத்துவிட்டது. இடது தோளில் டேப் ஒரு விரல் நீளத்துக்கு உரிந்திருக்கிறது, அந்த இடத்தில் மட்டும் லேசாக ஈரம். கடைக்காரர் பேச்சைக் கேட்டிருந்தால் தண்டம் அழுதிருப்பேன்.

பேர்கன் மழை

உதகையார் என்னைப் பற்றிச் சரியாகவே ஆரூடம் சொல்லியிருக்கிறார். தம்பி, நான் 20 வருடமாக நோர்வேயில் பேர்கனில் இருக்கிறேன். வருடத்துக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேலே பெய்கிற ஊர். இங்கே பிள்ளைகளை மழையிலும் விளையாட வெளியே விடுவார்கள், உடுப்பைப் பராமரிக்கத் தெரியாதவன் இந்த ஊரில் குடும்பம் நடத்த ஏலாது.

சூட்டைப் பற்றிச் சொல்கிறேன். அந்தப் பூச்சில் உள்ள மூலக்கூறுகள் துணி மேல் நுண்ணிய மயிர் போல நிமிர்ந்து நிற்க வேண்டும். உரசலிலும் அழுக்கிலும் அவை படுத்துவிடும். மயிர் நிமிர்ந்து நிற்கும் வரை துளி மேலே உருளும், படுத்துவிட்டால் துணிக்குள் இறங்கும். சூடு பட்டால் படுத்தவை திரும்ப எழும்பும். அதனால்தான் புதுப் பூச்சு எதுவும் போடாமலே, கழுவிச் சூடு காட்டியதும் பழைய ஜாக்கெட் முத்து முத்தாக உருட்டத் தொடங்கும். நான் வருடத்தில் நாலைந்து தரம் கழுவுவேன், புதுப் பூச்சு ஒரு தரம் அல்லது அதுவும் இல்லை.

இங்கே நிறைய வீட்டில் உலர்த்தும் மெஷின் இருக்கும், நடுத்தரச் சூட்டில் 20 நிமிடம் சுழற்றினால் காணும். உங்களிடம் அது இருக்காது என்று நினைக்கிறேன். இஸ்திரிப் பெட்டி போதும். முதலில் ஜாக்கெட்டை நிழலில் நன்றாகக் காய விடுங்கோ. அப்புறம் ஒற்றைப் புள்ளிச் சூட்டில், அதாவது 110 பாகையைத் தாண்டாத சூட்டில் பெட்டியை வைத்து, ஜாக்கெட்டின் மேல் மெல்லிய துவாய் விரித்து, அதன் மேல் மெதுவாக நகர்த்துங்கோ. நீராவியை நிறுத்திவிட வேண்டும். ஓரிடத்தில் பெட்டியை நிறுத்தக் கூடாது, நைலோன் உருகினால் திரும்ப வராது. உள்ளே தைத்திருக்கும் லேபிளில் இஸ்திரிப் பெட்டிப் படத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் இதையும் செய்யாதேங்கோ, தலைமயிர் காயவைக்கும் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஊதுங்கோ. மெட்ராஸ் வெயில் காணாதா என்று ஒருவர் முன்பு கேட்டார். காணாது. அந்தச் சூடு பத்தாது, கடும் வெயிலில் தொங்கவிட்டால் துணிதான் வெளிறும்.

இவ்வளவும் செய்து தண்ணீர் தெளித்துப் பாருங்கோ. உருண்டால் சந்தோசம், புட்டி வாங்க வேண்டாம். உருளாத இடத்துக்கு மட்டும் பூச்சு. அதில் இரண்டு வகை. மெஷினில் ஊற்றித் துவைப்பது ஒன்று, ஸ்ப்ரே ஒன்று. உள்ளே வலைத்துணியோ லைனிங்கோ இருக்கிற ஜாக்கெட்டுக்கு ஸ்ப்ரேதான் நல்லது. துவைக்கும் வகை உள்துணியையும் சேர்த்துத் தண்ணீர் ஒட்டாமல் பண்ணிவிடும், பிறகு வியர்வையை உறிஞ்சாமல் உடம்பில் வழியும். ஸ்ப்ரேயைக் கழுவிய ஈரத்தோடேயே அடிக்கலாம், இரண்டு நிமிடம் விட்டு மிச்சத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கோ, இல்லாவிட்டால் வெள்ளைத் திட்டுத் திட்டாகக் காயும். காய்ந்த பிறகு சூடு காட்ட வேண்டுமா என்பது புட்டிக்குப் புட்டி மாறும், எழுதியிருப்பதை வாசியுங்கோ.

டேப் உரிந்த இடத்துக்குத் தையல் பசை, சீம் கிரிப் மாதிரி. பழைய பசையை ஸ்பிரிட்டால் துடைத்து, மெல்லிசாகப் பூசி, ஒரு இரவு விட்டால் சரி.

அந்த மெழுகுவத்தி யோசனை முழுப் பொய் இல்லை. இந்த நாட்டில் 1877-ல் ஹெல்லி ஹான்சன் என்ற கப்பல்காரர் லினன் துணியை ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்துத்தான் மாலுமிகளுக்கு மழை உடுப்பு விற்கத் தொடங்கினார். ஆனால் அது மூச்சு விடாத உடுப்பு. சவ்வு வைத்த ஜாக்கெட்டில் மெழுகைத் தேய்த்தால் காசு கொடுத்து வாங்கிய துளைகளை நீங்களே அடைத்த கணக்கு.

கொங்காணி

எல்லாரும் பெரிய படிப்பு படிக்கிறீர்கள். வால்பாறையில் தேயிலை பறிக்கிறவர்கள் ஜூன், ஜூலையில் நாள் முழுக்க மழையில் நிற்கிறார்கள், தலையில் மடித்துப் போர்த்திய கொங்காணி, இடுப்பில் பிளாஸ்டிக் படுதா, முடிந்தது வேலை. யாரும் மூலக்கூறை எழுப்பிவிடவில்லை. நான் 15 வருடமாக முழங்கால் வரை வரும் ரப்பர் கோட்டும் ஒரு குடையும் வைத்துத்தான் மலை ஏறுகிறேன்.

உதகைக் குளிர்

கொங்காணி சொல்வதில் நியாயம் இருக்கிறது, சண்டை போட வரவில்லை. மூச்சுவிடும் சவ்வு ஒழுங்காக வேலை செய்ய உள்ளே சூடும் ஈரமும் கூடுதலாக, வெளியே குறைவாக இருக்க வேண்டும், அந்த வித்தியாசம்தான் ஆவியை வெளியே தள்ளும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரக் காட்டில் ஜூலையில் வெளிக்காற்றே ஈரத்தில் நிறைந்திருக்கும், எந்த விலை ஜாக்கெட்டும் அங்கே புழுங்கத்தான் செய்யும். விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். அக்குளில் ஜிப் இருந்தால் திறந்து வைப்பது, ஏற்றத்தில் மெதுவாக நடப்பது, அவ்வளவுதான் வழி. குடையும் நல்ல யோசனை, காற்று இல்லாத வரைக்கும்.

ஆனால் இவர் போவது 3000 மீட்டருக்கு மேலே. அங்கே குளிர் இருக்கிறது, வித்தியாசம் கிடைக்கும், சவ்வு வேலை செய்யும். நனைந்து நடுங்கினால் அங்கே விளையாட்டில்லை.

கொங்காணி

சரி, இமயமலைக்கு விட்டுக்கொடுக்கிறேன். வால்பாறைக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பதனிட்ட தோல் (ஆம்பூர்)

ஷூ கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே என்று வந்தேன். தோல் தொழிற்சாலையில் வேலை, அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.

அம்மாவைத் திட்டாதீர்கள், ஆனால் தேங்காய் எண்ணெய் இனி வேண்டாம். தோல் என்பது நார்ப்பின்னல். பதனிடும்போதே எவ்வளவு கொழுப்பு நாருக்குள் போக வேண்டுமோ அவ்வளவை டிரம்மில் போட்டுச் சுழற்றி ஏற்றித்தான் அனுப்புகிறோம். தண்ணீர் புகாத ஷூத் தோல் என்றால் அந்தக் கொழுப்பே வேறு வகை, நாருக்குள்ளேயே தண்ணீர் ஒட்டாதபடி செய்வது. மேலே நீங்கள் வீட்டு எண்ணெயைக் கொட்டினால் தோல் தளர்ந்து தொளதொளவென்று ஆகும், கணுக்காலுக்குப் பிடிமானம் போகும், மண் ஒட்டும், மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். தண்ணீர் தடுப்பும் ரொம்ப நாள் நிற்காது.

என்ன தோல் என்று சொல்லவில்லையே? வழவழப்பாக இருந்தால் முழுத்தோல். வெல்வெட் மாதிரி லேசான சொரசொரப்பு என்றால் நுபக். நுபக்கில் எண்ணெய் பட்டிருந்தால் பழைய நிறம் திரும்புவது கஷ்டம், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். எப்படியானாலும் சாக்பீஸைத் தூளாக்கி மேலே அப்பி ஒரு இரவு வையுங்கள், இழுக்கிற வரை இழுக்கும். மறுநாள் பிரஷ்ஷால் தட்டி, லேஸையும் உள்தகட்டையும் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் கழுவுங்கள். நாக்கு சேரும் மடிப்பில்தான் மணல் உட்காரும், அது உள்ளே அறுத்துக்கொண்டே இருக்கும், அதைக் கட்டாயம் எடுக்க வேண்டும்.

பிறகு பூச்சு. நுபக்குக்கும் துணி கலந்த ஷூவுக்கும் தண்ணீர்க் கலவை ஸ்ப்ரே, முழுத்தோலுக்கு வேண்டுமானால் தேன்மெழுகு கலந்த பசை. தண்ணீர்க் கலவையை ஈரத்தோலில் பூசுவதுதான் முறை, தண்ணீர் உள்ளே போகும் வழியிலேயே மருந்தும் போகும். மெழுகுப் பசை என்றால் காய்ந்த தோலில், விரலால், மெல்லிசாக. தையல் ஓடும் இடத்தில் கூடுதலாக. உள்ளே சவ்வு வைத்த ஷூவாக இருந்தால் மெழுகைக் கெட்டியாக அப்பாதீர்கள், ஜாக்கெட்டுக்குச் சொன்ன அதே காரணம்.

காயவைப்பதில்தான் பாதி ஷூ சாகிறது. வெயில், அடுப்படி, ஹீட்டர் பக்கம் கூடாது. தோல் சுருங்கி வெடிக்கும், அடிப்பாகப் பசை விடும். செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, இரண்டு மணிக்கொரு தடவை மாற்றி, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள்.

இதெல்லாம் செய்வதற்கு முன்னால் ஒரு வேலை. ஷூவும் 5, 6 வருடம் ஆனதா? அடிப்பாகத்தின் நடுவில் இருக்கும் நுரைப் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பொடிந்தாலோ வெடிப்புத் தெரிந்தாலோ அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போகாதீர்கள். பாலியூரித்தேன் நுரை காற்றில் உள்ள ஈரத்தாலேயே மெல்ல மெல்லச் சிதையும், பெட்டிக்குள் பத்திரமாக வைத்த ஷூவில் இன்னும் சீக்கிரம். மேல்தோல் புதுசு மாதிரி இருக்கும், நடக்க ஆரம்பித்த இரண்டாவது மணி நேரம் அடிப்பாகம் தனியாகக் கழன்று வரும். அதைப் பார்த்திருக்கிறேன், செருப்புக் கயிற்றால் கட்டிக்கொண்டு இறங்கினார் மனுஷர்.

வாலைக்குழாய்

ரசாயனம் படித்தவன் என்ற முறையில் இரண்டு விஷயம்.

படிகார யோசனையைக் கிண்டல் செய்ய வேண்டாம், அது பழைய காலத்து உண்மையான முறை. துணியை முதலில் சோப்புக் கரைசலில் நனைத்து, பிறகு படிகாரத் தண்ணீரில் முக்கினால், சோப்பும் அலுமினியமும் சேர்ந்து தண்ணீரில் கரையாத அலுமினியச் சோப்பு இழையிலேயே படியும். பருத்திக் கேன்வாஸ், பழைய கூடாரத்துணி, பைக்கை மூடும் துணி இவற்றுக்குச் சரிப்படும். உங்கள் நண்பர் சோப்பை விட்டுவிட்டார், படிகாரம் மட்டும் போட்டால் ஒன்றும் நடக்காது. நைலான் ஜாக்கெட்டுக்கு இரண்டுமே வேண்டாம்.

இன்னொன்று, வாங்கும் புட்டியில் "பி.எஃப்.ஏ.எஸ். இல்லை" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய பூச்சுகளில் இந்தப் பெயருள்ள ஃப்ளோரின் சேர்மங்கள் இருந்தன, தண்ணீரையும் விரட்டும், எண்ணெயையும் விரட்டும், அவ்வளவு கெட்டி. அந்தக் கெட்டித்தனமே வினை, மண்ணிலும் தண்ணீரிலும் அழியாமல் கிடக்கின்றன. அவற்றில் பி.எஃப்.ஓ.ஏ. என்பதை 2019-ல், எளிதில் அழியாத நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் சேர்த்தார்கள். கலிபோர்னியாவில் 2025 முதலும் பிரான்ஸில் 2026 முதலும் இந்த வகைப் பூச்சுள்ள உடைகளுக்குத் தடை, சில விலக்குகளோடு. நிக்வாக்ஸ் புட்டிகளில் முன்பிருந்தே அது கிடையாது.

இதனால் நமக்கு வருகிற மாற்றம் ஒன்று உண்டு. புதுவகைப் பூச்சு தண்ணீரை விரட்டும், எண்ணெயை விரட்டாது. சன்ஸ்கிரீன், கழுத்து வியர்வையின் பிசுக்கு, பைக் புகை எல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஆகவே முன்னைவிட அடிக்கடி துவைக்க வேண்டும். துவைத்தால் பூச்சு போய்விடும் என்று பயந்து மூன்று வருடம் துவைக்காமல் வைத்திருப்பவர்கள்தான் ஜாக்கெட்டைக் கொல்கிறார்கள்.

சிலிகான் ஸ்ப்ரேயா? கதவுக் கீலுக்கு அடியுங்கள். ஸ்ப்ரே எதுவானாலும் ஜன்னலைத் திறந்து வைத்து, முடிந்தால் மொட்டை மாடியில். மூக்கில் ஏறினால் நுரையீரலுக்கு ஆகாது.

கூடாரவாசி

கூடாரத்தைப் பற்றி. பிசுபிசுப்பு, புளித்த வாடை இரண்டும் இருந்தால் அது அழுக்கு இல்லை, உள்பக்கம் பூசிய பாலியூரித்தேன் பூச்சு சிதைகிறது. ஆம்பூர்க்காரர் ஷூவின் அடிக்குச் சொன்ன அதே வியாதி. ஈரத்தோடு மடித்துப் பரணில் வைத்தீர்களா? நம் ஊர்ப் பரண் சூட்டுக்கும் புழுக்கத்துக்கும் அது தாங்கவே தாங்காது.

ஸ்ப்ரேயால் இது சரியாகாது. ஸ்பிரிட் தொட்டு முழுப் பூச்சையும் சுரண்டித் துடைத்து எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒருமுறை செய்தேன், இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது, முதுகு போனது, கடைசியில் அந்தத் துணி தார்ப்பாயாகத்தான் பயன்பட்டது. உங்களிடம் இருப்பது இரண்டு பக்கமும் சிலிகான் ஏறிய நைலானாக இருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது, அதற்கு மறுபூச்சும் சுலபம், சிலிகான் சீலண்டை ஒயிட் ஸ்பிரிட்டில் தண்ணியாகக் கரைத்து ஸ்பாஞ்சால் துடைத்துவிட்டால் போதும். எது எதுவென்று கலந்துவிடாதீர்கள், சிலிகான் துணியில் பாலியூரித்தேன் பசை ஒட்டாது.

ஆனால் ஏன் சிரமப்படுகிறீர்கள்? பூக்களின் பள்ளத்தாக்கில் ராத்தங்க அனுமதியே கிடையாது. புல்னாவிலிருந்து நடந்து காங்கரியா போய் அறை எடுத்து, காலையில் பள்ளத்தாக்குக்குள் போய், சாயங்காலத்துக்குள் திரும்பிவிட வேண்டும். கூடாரத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பதிலாக, முதுகுப்பையின் உள்ளே கனமான குப்பைப் பை ஒன்றை விரித்து அதற்குள் துணிகளை வையுங்கள். பையின் மேல் மாட்டும் மழை உறை முதுகுப் பக்கம் மூடாது, தண்ணீர் முதுகு வழியாக இறங்கிப் பையின் அடியில் குளம் கட்டும்.

நாற்பதாவது வளைவு

6 வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் வாளித் தண்ணீர் காபி நிறத்தில் வந்தது. வெட்கமாக இருந்தது. 5 தடவை அலசினேன், சிறுவாணித் தண்ணீர்தான். ஒரு நாள் நிழலில் காயவைத்து, துவாய் விரித்து இஸ்திரி. மார்பு, முதுகு, தலைமூடி எல்லாம் அப்படியே முதல் வருடம் மாதிரி முத்து உருண்டது, மனைவியைக் கூப்பிட்டு டம்ளர் டம்ளராக ஊற்றிக் காட்டினேன், அவள் தரையைத் துடைக்கச் சொன்னாள். தோள்பட்டையும் முன்கையும் மட்டும் திருந்தவில்லை, அங்கே ஸ்ப்ரே அடித்தேன். உரிந்த டேப்புக்குப் பசை போட்டேன், கொஞ்சம் அசிங்கமாக இருக்கிறது, ஒழுகவில்லை. ஒரே ஒரு நஷ்டம், முதுகில் இருந்த வெள்ளி எழுத்து துவாயோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அச்சு இருக்கும் இடத்தை விட்டுவிட்டு இஸ்திரி போடவும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

ஷூவின் அடிப்பாகத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. ஆம்பூர் அண்ணே, உங்களுக்கு ஒரு கும்பிடு. புது ஜாக்கெட் வாங்கும் அளவுக்குக் காசு இல்லாவிட்டாலும் ஷூ வாங்கும் அளவுக்கு இருந்தது.

காங்கரியாவில் 4 நாள் இருந்தோம், 3 நாள் மழை. இரண்டாம் நாள் தொடர்ந்து 5 மணி நேரம் நனைந்தேன், உள்ளே கழுத்துப் பக்கம் லேசாகப் புழுக்கம், அவ்வளவுதான். குப்பைப் பை யோசனைதான் எல்லாவற்றிலும் மலிவு, எல்லாவற்றிலும் உருப்படி. திரும்பி வருகிற வழியில் பைப்பட்டை உரசுகிற இடம் மறுபடி கருக்க ஆரம்பித்தது. அதற்கு என்ன செய்வது?

பேர்கன் மழை

ஒன்றும் செய்ய ஏலாது தம்பி, பட்டை உரசும் இடத்தில் எந்தப் பூச்சும் நிலைக்காது. எனக்கும் அங்கேதான் முதலில் போகும். மிச்சம் வைத்த ஸ்ப்ரேயை அடுத்த பயணத்துக்கு முதல் கிழமை அந்த இரண்டு இடத்துக்கு மட்டும் அடியுங்கோ. கழுவிவிட்டு.

கொங்காணி

வெள்ளி எழுத்து போனதற்கு அனுதாபங்கள். என் ரப்பர் கோட்டில் எழுத்தே கிடையாது.